கத்துறதெல்லாம் பலமில்லை

மாரி தொடங்கி இரண்டு கிழமைக்குள் கிளிநொச்சியில் புல்லு முழங்காலுக்கு வந்துவிடும். கூடவே டெங்குப் பயமும் வரும். பள்ளிக்கூடம், கோயில் வீதி, சவக்காலை, வெளிநாட்டுக்காரரின் பூட்டிக் கிடக்கிற வளவு என்று எல்லா இடத்துக்கும் ஆள் தேடுவார்கள். புல்லு வெட்டுற மெசின் வைத்திருப்பவர்களுக்கு நல்ல உழைப்பு அந்த மூன்று மாதம்தான். சித்தப்பாவின் கராஜிலும் அப்போதுதான் மெசின்கள் வரிசையாகக் கிடக்கும். கம்பஸ் லீவு விட்டால் நானும் அங்கேதான்.

இந்த மெசின்களில் கனக்க ரூ ஸ்ரோக் எஞ்சின்தான். 2008இல் ரூ ஸ்ரோக் ஓட்டோ இறக்குமதியை நிறுத்தினார்கள். ரோட்டில் குறைந்துபோன அந்த எஞ்சின், இன்றைக்குக் கூலிக்குப் புல்லு வெட்டுகிறவரின் தோளில் தொங்குகிறது. பாரம் குறைவு, உள்ளே சாமான் குறைவு, எந்தப் பக்கம் சரித்தாலும் நிற்காது.

ஆனால் ஒரு சிக்கல். இதில் ஒயில் ஊற்றத் தனி இடம் இல்லை. பெற்றோலோடு கலந்து போகிற ஒயில்தான் பிஸ்ரனையும் பெயரிங்கையும் காப்பாற்றுகிறது. 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 50க்கு 1 என்றால் 20. எது என்று மெசினோடு வருகிற புத்தகத்தில் இருக்கும்.

வருகிற ஆக்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றைத்தான்: "அண்ணை, இன்னும் கொஞ்சம் ஸ்பீட்டா வைச்சுத் தாங்கோ."

வைத்துக் கொடுப்பது சுலபம். காபரேற்றரில் எல், எச் என்று இரண்டு சின்ன ஸ்குரூ இருக்கும். முழு வேகத்துக்கான எச் ஸ்குரூவைக் கொஞ்சம் உள்ளே இறுக்கினால் பெற்றோல் குறையும், எஞ்சின் கீச்சென்று கத்தும். கேட்கிறவருக்குச் சந்தோசம். ஆனால் பெற்றோல் குறைந்தால் அதோடு வருகிற ஒயிலும் குறையும், சூடும் ஏறும்.

போன மாரியில் ஒருவர் கொண்டுவந்த மெசின் அப்படித்தான் இறுகிப் போயிருந்தது. வேறு எங்கேயோ ஸ்பீட் ஏற்றியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தால் பிஸ்ரனின் சைலன்சர் பக்கம் முழுக்க நகத்தால் கீறினமாதிரிக் கோடு. அவர் எவ்வளவு காசு என்று கேட்கவில்லை. "எத்தினை நாள் செல்லும்?" என்றுதான் கேட்டார். சீசன் தொடங்கி நாலு நாள்தான். சித்தப்பா தன்ர பழைய மெசினை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சித்தப்பா ரியூன் பண்ணுகிற முறை வேறு. முதலில் ஸ்குரூவைத் தொடவே மாட்டார். எயார் பில்ரரைக் கழுவுவார். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார். மண்ணிறம் என்றால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் கூட, வெளுத்திருந்தால் குறைவு. சைலன்சர் வாயில் இருக்கிற சின்ன வலையில் கரி அடைத்திருக்கா என்று பார்ப்பார். பாதி மெசின்கள் இதிலேயே சரியாகிவிடும்.

பிறகு எஞ்சினைச் சூடாக்கிவிட்டுக் காதைக் கொடுப்பார். வெட்டாமல் முழு வேகத்தில் பிடித்தால் சத்தம் கொஞ்சம் உடைந்து, கரகரத்து வரவேணும். புல்லுக்குள் விட்டதும் அது தெளிய வேணும். "சும்மா நிக்கேக்கையே தெளிவா கத்தினா, வெட்டேக்க எரியும்" என்பார்.

ஸ்குரூவால் தீராத வருத்தங்களும் இருக்கு. அக்சிலேற்றரை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் இழுத்துக்கொண்டு நின்றால், எங்கேயோ காற்று உள்ளே இழுக்குதோ என்று பார்க்கவேணும். கஸ்கற்றோ சீலோ போயிருக்கலாம். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கான்களில் மாதக்கணக்காய் ஒளித்து வைத்த பெற்றோலை ஊற்றி, காபரேற்றர் பிசின் பிடித்து வந்த மெசின்களும் கனக்க. உள்ளே இருக்கிற ரப்பர் சவ்வு விறைத்திருந்தால் மாற்றத்தான் வேணும். சிலர் பாதுகாப்பென்று ஒயிலை அளவுக்கு மேலே ஊற்றுவார்கள். அதில் கரிதான் மிச்சம்.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு இது என்னத்துக்கு?" என்று என்னைக் கேட்கிறார்கள். நான் அங்கே படித்தது எஞ்சினை மட்டுமில்லை. ஸ்பீட் கேட்கிறவர் விசயம் தெரியாதவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். வளவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவருக்கு, மத்தியானத்துக்குள் ஒன்று முடித்தால்தான் பின்னேரம் இன்னொன்று. அந்த அவசரம்தான் கடைசியில் எச் ஸ்குரூவில் வந்து நிற்கிறது.

அதனால்தான் சித்தப்பா அவர்களைப் பேசுவதில்லை. மழுங்கின தகட்டைக் கழற்றித் தீட்டிக் கொடுப்பார். நைலோன் கயிறு அளவுக்கு மேலே நீண்டிருந்தால் வெட்டிவிடுவார். "இப்ப வெட்டிப் பாரும்" என்பார். எஞ்சின் கத்தாமலே வேலை ஓடும்.

உங்கட வளவுக்கும் இந்த மாரியில் யாராவது மெசினோடு வரக்கூடும். கெதியா முடியுங்கோ என்று பக்கத்தில நிக்காதேங்கோ. இடையில மெசின் ஆறப் பத்து நிமிசம் விடுங்கோ. அந்த நேரம் அவருக்கு ஒரு பிளேன்ரீயும் குடுங்கோ.