மூட்டு மாறிய மறுநாள்

மதுரையில் ஒரு மருத்துவமனை. ஆர்த்தோ வார்டில் காலை ரவுண்ட்ஸ் தொடங்கிவிட்டது. மருத்துவரின் பின்னால் நானும் நடக்கிறேன்.

முதல் கட்டிலில் அறுபதைத் தாண்டிய அம்மா. நேற்று மதியம்தான் வலது முழங்கால் மாற்றப்பட்டது. இன்று வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்கிறார்கள்.

"அதுக்குள்ளயா நடக்கணும், டாக்டர்?"

"படுத்தே கிடந்தா கெண்டைக்கால்ல ரத்தம் உறையும்மா. அது நுரையீரலுக்குப் போயிட்டா உயிருக்கே ஆபத்து."

உறையாமலிருக்க மருந்தும் உண்டு. ஆனாலும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த கட்டில்காரருக்கு ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருக்கிறது. சர்க்கரை இறங்கவில்லை, போதாததற்குச் சீழ் கட்டிய பல். எங்கிருந்தாவது கிருமி வந்து பொருத்திய மூட்டின் உலோகத்தில் ஒட்டினால், மேலே ஒரு படலம் கட்டி ஒளிந்துகொள்ளும். மருந்து எளிதில் எட்டாது. முற்றிவிட்டால் மூட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டை வைத்துக் காத்திருந்து, பிறகு புதியதைப் பொருத்த வேண்டிவரும். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்வதுதான். அந்த ஒன்றிரண்டுக்காகத்தான் இந்தக் கெடுபிடி.

ஜன்னலோரக் கட்டிலில் இடுப்பு மூட்டு மாற்றியவர். கால்களுக்கு நடுவே தலையணை. தாழ்வான நாற்காலி கூடாது, கால்மேல் கால் கூடாது, குனிந்து செருப்பு மாட்டவும் கூடாது. மூட்டு நழுவும் அபாயம் முதல் சில வாரங்களில்தான் அதிகம். அதைத் தாண்டிவிட்டால் இவர்களில் பெரும்பாலோர் மாற்றியதையே மறந்துவிடுகிறார்கள். முழங்கால் அப்படியல்ல: ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தியில்லை என்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன.

இத்தனைக்கும் உழைப்பதில் முழங்கால்தான் முந்துகிறது. 2019இல் 'லான்செட்' இதழில் வந்த கணக்குப்படி, 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பவை முழங்காலில் சுமார் 82 சதவீதம், இடுப்பில் 58. மூட்டு நிலைக்கிறது, மனிதருக்கு மனக்குறை. காரணத்தில் ஒரு பங்கு பிசியோதெரபி அறையில் கண்ணில் படுகிறது.

அங்கே ஒரு பெரியவரின் முழங்கால் 85 டிகிரியில் நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து சிரமமின்றி எழவே 90க்கு மேல் மடங்க வேண்டும். வலிக்குப் பயந்து சில வாரங்கள் மடக்காமல் விட்டிருக்கிறார். உள்ளே தழும்பு இறுகிவிட்டது. தையலின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறது, மாலையானால் வீங்குகிறது என்கிறார். அவை மாதக்கணக்கில் இருக்கும், பயமில்லை. காயத்தில் நீர் வடிந்தாலோ காய்ச்சல் கண்டாலோதான் உடனே ஓடிவர வேண்டும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

"சம்மணம் போட்டு உக்காந்து சாப்பிட முடியுமா தம்பி?"

"சாப்பாட்டு மேசை வாங்கிடுங்கய்யா. பாத்ரூம்லயும் வெஸ்டர்ன் வெச்சிடுங்க."

பெரியவரின் முகம் சுருங்குகிறது. இந்தப் பதில் அவருக்கு ஆபரேஷனுக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும். வலி தீருவதும் நடை திரும்புவதும் பெரும்பாலோருக்குக் கிடைக்கும். தரையில் உட்கார்ந்து எழும் வாழ்க்கை பலருக்குத் திரும்பாது. தேதி குறிக்கும் நாளிலேயே இரண்டையும் பேசிவிட்டால், ஆபரேஷனுக்குப் பின் வரும் மனக்குறையில் பாதி வராது.