அப்பாவுக்கு ஒரு ரம்பம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆண்டு மலருக்குக் கட்டுரை தருமாறு துறைத்தலைவர் அவர்கள் வகுப்பில் கேட்டுக்கொண்டபோது, நான் அணுவைப் பற்றியோ விண்வெளியைப் பற்றியோ எழுதுவேன் என்றே தோழியர் எண்ணினர். எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் இவ்வாண்டு நான் மிகுதியாகப் படித்ததும், கணக்குப் போட்டதும், உறக்கமின்றி யோசித்ததும் ஒரு ரம்பத்தைப் பற்றித்தான். பேட்டரியில் ஓடும் சிறிய சங்கிலி ரம்பம். கடையில் அதற்கு ‘மினி செயின்சா’ என்று பெயர். எங்கள் தெருவில் ‘பேட்டரி ரம்பம்’ என்றால்தான் தெரியும்.

என் தந்தையார் வீடு வீடாகச் சென்று மரங்களுக்குக் கிளை கழிப்பவர். புத்தகத்தில் ‘கவாத்து’ என்று அச்சிட்டிருக்கும் வேலைக்கு எங்கள் வீட்டில் ‘கழிச்சு விடுறது’ என்று பெயர். சிறு வயதில் கருவேலம் வெட்டப் போனவர். பிறகு நகரத்துத் தோட்டங்களுக்கு வந்தார். கொய்யா, எலுமிச்சை, மாதுளை, செம்பருத்தி, சுவரைத் தாண்டி வளர்ந்துவிட்ட காகிதப்பூ என்று எல்லாம் அவர் கைக்குத் தெரியும். கருவிகள் மூன்றே. திருப்பாச்சேத்தியில் அடித்து வாங்கிய அரிவாள், மூங்கிலில் கட்டிய தொரட்டி, ஒரு கைரம்பம். இந்த மூன்றும்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பின; எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அவருக்கு வலத்தோளில் வலி வந்தது. முதலில் தைலம், பிறகு ஒத்தடம், பிறகு அரசு மருத்துவமனை. தோளில் தசைநார் தேய்ந்திருக்கிறது, கையைத் தலைக்கு மேல் ஓங்காதீர்கள் என்றார் மருத்துவர். அப்பா அங்கே தலையாட்டிவிட்டு வெளியே வந்து, “ஓங்காம எப்புடித்தா வெட்டுறது?” என்று என்னிடம் கேட்டார். நான் என்ன சொல்வது? அதே மாதத்தில் புதுக் காலனியில் ஒரு வீட்டில், “மெஷின் வச்சிருக்கீங்களா? கையில வெட்டினா ரெண்டு நாள் ஆக்குவீங்களே” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வலியைச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. அம்மாதான் இரவில் என்னிடம் சொன்னார்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் வந்த ஆயிரம் ரூபாயில் நான் 9,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். மேற்படிப்புக்கு என்று எண்ணிய பணம் அது. அதில் ஒரு ரம்பம் வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்வது எளிது. எதை வாங்குவது என்பதுதான் நான்கு மாதம் பிடித்தது.

எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் குழாய் வேலை செய்பவர். அவர் சந்தையில் 2,200 ரூபாய்க்கு ஒரு பேட்டரி ரம்பம் வாங்கி வைத்திருந்தார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 48 வோல்ட் என்றிருந்தது. “பாரு, கடையில விக்கிறதெல்லாம் 21 வோல்ட்டுதான். இது ரெண்டு மடங்குக்கு மேல” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கும் அதையே வாங்கிவிடும் எண்ணம் வந்துவிட்டது. நல்லவேளையாக அதன் பேட்டரியைக் கேட்டு வாங்கி ஆய்வகத்துக்கு எடுத்துச் சென்றேன். முழுதும் சார்ஜ் ஏற்றிய பேட்டரி. மல்டிமீட்டரின் முள்ளிரண்டையும் வைத்தபோது காட்டியது 20.4 வோல்ட்.

மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று எண்ணி வேறொன்றில் பார்த்தேன். அதுவும் அதையே காட்டியது. அருகில் நின்ற பேராசிரியை அவர்கள், “உள்ளே எத்தனை செல் இருக்கும் என்று கணக்குப் போட்டாயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார். அப்போதுதான் புரிந்தது. லித்தியம் அயனிக் கலம் ஒன்று முழுதும் நிறைந்திருக்கையில் 4.2 வோல்ட், வேலை செய்யும்போது சராசரியாக 3.6 வோல்ட். ஐந்தைத் தொடராக இணைத்தால் நிறைந்தபோது 21, வேலையில் 18. ஆக, 18 வோல்ட் என்று எழுதிய பெட்டியும் 21 என்று எழுதிய பெட்டியும் பெரும்பாலும் ஒரே ஐந்து கலம்தான். ஒன்று சராசரியைச் சொல்கிறது, மற்றொன்று உச்சத்தைச் சொல்கிறது. 48 என்று எழுதியது எதையும் சொல்லவில்லை. வெறும் மை. இந்தக் கலத்தை உருவாக்கிய மூன்று அறிஞர்களுக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று பொது அறிவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த அறிவு சந்தையில் 2,200 ரூபாயைக் காப்பாற்றும் என்று அப்போது யார் கண்டது?

அடுத்து, எவ்வளவு நேரம் ஓடும் என்ற கேள்வி. கடைகளில் கேட்டால், “நாள் பூரா ஓடும்மா” என்பார்கள். நான் நோட்டில் போட்டுப் பார்த்தேன். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி. பெருக்கினால் 36 வாட் மணி. மரத்தை அறுக்கும்போது மோட்டார் 300 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏழு நிமிடம் சொச்சம். அப்பாவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏழு நிமிசத்துக்கு ஒரு மிசினா? நான் வெத்தல போட்டு முடிக்கவே அம்புட்டு நேரம் ஆகுமேத்தா!”

ஆனால் அந்த ஏழு நிமிடம் இடைவிடாது அறுக்கும் நேரம். மணிக்கட்டுக் கனமுள்ள கொய்யாக் கிளையை அறுக்கப் பத்து விநாடி என்று கொண்டால் நாற்பது கிளை. “ஒரு வீட்டில் ரம்பம் வைக்கிற கிளை எத்தனை இருக்கும்?” என்று கேட்டேன். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு விரல் மடக்கி எண்ணினார். “பெரிய வீடுன்னா அறுவது வரும். மத்ததெல்லாம் அரிவாள்ல ஒரு தட்டு, போயிரும்.” அப்படியானால் இரண்டு பேட்டரி வேண்டும்.

இந்தப் பேச்சில்தான் எனக்கு உண்மையான அளவுகோல் கிடைத்தது. பெருவிரல் கனம் வரை கத்தரியோ அரிவாளோ போதும். அதற்கு மோட்டார் எதற்கு? தொடைக் கனமுள்ள கிளைக்கு இந்தச் சிறு ரம்பம் ஆகாது. பெட்ரோல் ரம்பம் வைத்திருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும். இடைப்பட்டதுதான் இதன் ராஜ்யம். சங்கிலி ஓடும் தகடு 4 அங்குலம், 6 அங்குலம், 8 அங்குலம் என்று கிடைக்கிறது. நான்கு, கொய்யாவின் கவட்டைக்குள் நுழையும். ஆனால் கொஞ்சம் பருத்த கிளையில் நின்றுவிடும். எட்டு, முன்பக்கம் கனத்து மணிக்கட்டை இழுக்கிறது. ஆறு என்று வைத்துக்கொண்டேன்.

எடையையும் பார்த்தோம். பழைய பேப்பர் கடைத் தராசில் அப்பாவின் அரிவாள் 800 கிராம். ஆறு அங்குல ரம்பம் ஒன்று பேட்டரியுடன் 1 கிலோ 700 கிராம் என்று அதன் பெட்டியில் இருந்தது. “தோளு வலிக்குன்னு ரெண்டு மடங்கு கனத்த வாங்கித் தர்றியா?” என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அரிவாளை ஓங்க வேண்டும். ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் தோளுக்குப் போகிறது. ரம்பத்தை ஓங்க வேண்டியதில்லை, வைத்தால் போதும். ஆனால் அதைத் தலைக்கு மேல் கையை நீட்டிப் பிடித்தால், எடை பெருக்கல் தூரம் என்று நாம் முதலாண்டில் படித்த திருப்புத்திறன் முழுவதும் அந்தத் தேய்ந்த தோளில்தான் விழும். ஆகவே மார்பு உயரத்துக்கு மேல் அறுப்பதில்லை. உயரம் வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் மடக்கு ஏணி கேட்டு வாங்குவது. மரத்தில் ஏறி நின்று இயக்குவதே கிடையாது. இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்டால்தான் ரம்பம் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். அப்பா, “சரிங்க வாத்தியாரம்மா” என்றார்.

எனக்கு உண்மையில் பயமாக இருந்தது வேறொன்று. அப்பா வேலை செய்வதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். இடக்கையால் கிளையைப் பிடித்து வளைப்பார், வலக்கையால் வெட்டுவார். முப்பது ஆண்டுப் பழக்கம். இந்தச் சிறு ரம்பமோ ஒரு கையால் பிடிக்கும்படி அமைந்திருப்பதால், இடக்கை தானாகக் கிளைக்குப் போகும்; அதாவது ஓடும் சங்கிலியின் பாதைக்கே போகும். இன்னொன்று, தகட்டு நுனியின் மேல்பாகம் கிளையில் இடித்தால் ரம்பம் ஆளை நோக்கி எகிறி அடிக்கும். பெரிய ரம்பங்களில் அப்போது சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் தடை இருக்கிறது. நான் பார்த்த சிறிய ரம்பங்களில் அது இல்லை. எனவே முன்னால் இரண்டாவது கைப்பிடி இருக்க வேண்டும், நுனியில் மறைப்பு இருக்க வேண்டும், பூட்டுப் பொத்தானை அழுத்தாமல் விசை இயங்கக் கூடாது என்று எழுதிக்கொண்டேன். இடக்கைக்கு ஒரு கைப்பிடி கொடுத்துவிட்டால் அது வேறெங்கும் போகாது என்பது என் கணக்கு.

தையில் ஒரு சனிக்கிழமை மதுரைக்குப் போனோம். கடைக்காரர் என் கேள்விக்கெல்லாம் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னார். “சங்கிலி அறுந்தால் மாற்றுச் சங்கிலி கிடைக்குமா?” என்று கேட்டேன். “பையன் இருந்தா கூட்டிட்டு வாங்கய்யா, மெஷினைப் பத்தி விளக்கிச் சொல்றேன்” என்றார். அப்பா, “எனக்குப் பையனும் இதுதான், பொண்ணும் இதுதான். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க” என்றார். சொல்லவில்லை. அடுத்த கடைக்குப் போனோம்.

அங்கே இருந்த பெரியவர் பொறுமையாகச் சங்கிலியைக் கழற்றிக் காட்டினார். சங்கிலியைத் தகட்டிலிருந்து விரலால் சற்று இழுத்தால் தூக்க வேண்டும். ஆனால் பல் பள்ளத்தை விட்டு வெளியே வரக்கூடாது, விட்டதும் ஒட்டிக்கொள்ள வேண்டும். புதுச் சங்கிலி நீளும். முதல் நாளில் அடிக்கடி இறுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் தகடே சூடேறி வீணாகும். அப்பா சங்கிலியின் ஒரு பல்லை நகத்தால் தடவிப் பார்த்தார். “கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கே” என்றார். இதைப் பற்றி நான் ஏற்கெனவே படித்திருந்தேன். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் காக்ஸ் என்பவர் 1946இல் மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழு ஒன்றைக் கண்டு, அதன் வளைந்த தாடைகள் மரத்தை இழையோடும் குறுக்கேயும் தின்று செல்வதைக் கவனித்து இந்தப் பல்லை வடிவமைத்தார். பேருந்தில் திரும்பும்போது அப்பாவிடம் சொன்னேன். “மாமரத்தைத் தொளைக்கிற புழுவா? அதக் கம்பிய விட்டுக் குத்தி எடுத்துத் தூர எறிஞ்சுக்கிட்டு இருந்தேனே நானு!” என்றார். வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இரண்டு பேட்டரி, ஒரு மாற்றுச் சங்கிலி, கால் லிட்டர் எண்ணெய் எல்லாம் சேர்த்து 5,600 ரூபாய். கண்ணாடி ஒன்று 80 ரூபாய்.

முதல் வேலை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கொய்யா. ஏணியைப் பிடிக்க நானும் போயிருந்தேன். மேலிருந்து நேராக அறுத்தால் கிளை முறியும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் அடியில் ஒரு சிறு வெட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து, கடைசியில் மீந்த குச்சத்தை அடியிலுள்ள வீங்கிய வளையத்தைத் தொடாமல் எடுப்பது என்று படித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அப்பா அடிவெட்டைப் போட்டுவிட்டார். அந்த வளையத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘கழுத்து’. “கழுத்த வெட்டுனா புண்ணு ஆறாதுத்தா” என்றார். தாவரவியல் நண்பர்கள் இதற்கு மேல் விளக்குவார்கள். மதியத்துக்குள் வேலை முடிந்தது. இரண்டாவது பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. ஆசிரியர் பேசிய கூலிக்கு மேல் நூறு ரூபாய் கொடுத்தார்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் சென்ற மாதம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கல்லூரியிலிருந்து நான் திரும்பியபோது அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டிருந்தார். இடக்கைச் சட்டையில் முழங்கை வரை மரத்தூள். இரு கையாலும் பிடித்து அறுத்தால் தூள் கால்சட்டையிலும் வயிற்றிலும்தான் விழும். நான் ஏணியடியில் நின்று பார்த்திருக்கிறேன். இடக்கை நீட்டிக் கிளையைப் பிடித்திருந்தால்தான் இப்படி ஆகும். கேட்டேன். “ஒரே ஒரு கிளைத்தா. சுவத்துக்கு அந்தப் பக்கம் விழப் பாத்துச்சு” என்றார். நான் ஏதோ கோபமாகப் பேசிவிட்டேன். ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றும் சொன்னேன். யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கே தெரியாது. அன்றிரவு இருவரும் பேசவில்லை.

பேட்டரி என் படிப்பு மேசையில்தான் சார்ஜ் ஏறும். சிவப்பு விளக்கு பச்சையாகும் வரை நான் விழித்திருந்து எடுத்து வைப்பது வழக்கம். அன்று படுத்துவிட்டேன். காலையில் எழுந்தபோது அவரே கழற்றிப் பையில் வைத்திருந்தார். பக்கத்தில் பழைய சேலைக் கிழிசலில் முறுக்கிய நீளக் கயிறு ஒன்று சுருட்டிக் கிடந்தது.

“சுவரு தாண்டுற கிளைக்கு இதக் கட்டி இழுத்து அம்மா பிடிச்சுக்கும். எனக்கு ரெண்டு கையும் மிசினுக்கு” என்றார், என்னைப் பார்க்காமல். வாசல் வரை போனவர் திரும்பி, “எண்ணெய் தீரப் போகுது. காலேசு விட்டு வரும்போது கால் லிட்டர் வாங்கிட்டு வா” என்றார்.