மடியில வச்சா சுடுது!

‘லேப்டாப்’ என்றாலும் சரி, ‘மடிக்கணினி’ என்றாலும் சரி, பேரிலேயே மடி இருக்கிறது. ஆனால் கூட வருகிற கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். ‘நெடுநேரம் உடம்பில் படும்படி வைக்காதீர்கள்’ என்று எச்சரிக்கை போட்டிருக்கும். பேர் வச்சவர் ஒருத்தர், கையேடு எழுதினவர் வேறொருத்தர் போல!

எங்கள் வீட்டில் மேசை கிடையாது. அண்ணன் தன் கல்லூரி வேலையை எல்லாம் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் வைத்துத்தான் செய்வான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அதிலிருந்து ‘உய்ய்ய்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். அப்பத்தா புரண்டு படுத்து, “ஏண்டா, மிக்சிய அணைக்காம விட்டுட்டீகளா?” என்று கேட்கும்.

அது உள்ளே இருக்கிற குட்டி விசிறி. பிராசசர் வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டைச் செம்புக் குழாய் ஒன்று கடத்திக்கொண்டு போய் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் சேர்க்கும். விசிறி அந்தத் தகடுகள் வழியாகக் காற்றை ஊதி வெளியே தள்ளும். சரி, காற்று உள்ளே வருவது எப்படி? பெரும்பாலான மாடல்களில் அடிப்பக்கத்துத் துளைகள் வழியாகத்தான். அடியில் ரப்பர் கால்கள் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. காற்றுப் போக ஒரு சந்து விடத்தான். கைலி மடியில் சந்து ஏது? ரப்பர் கால் துணிக்குள் அமுங்கி, துளை மூடிக்கொள்ளும்.

மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடு என்றால் நாம் என்ன ஆவோம்? விசிறி பாவம், வெறி பிடித்த மாதிரி சுற்றும். விசிறியின் வேகம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடுமாம். அப்படியும் சூடு இறங்காவிட்டால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “ரொம்ப ஸ்லோவா இருக்கு, வைரஸ்தான்” என்று அண்ணன் திட்டுவான். பாதி நாள் அது வைரஸ் இல்லீங்க, கைலி! இன்னும் சூடு ஏறினால் பட்டென்று அணைந்துவிடும். சேவ் பண்ணாதது எல்லாம் போச்சு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. அண்ணனின் இடது முழங்காலுக்கு மேலே வலை விரித்த மாதிரி பழுப்புக் கோடுகள் இருப்பதை அம்மாதான் முதலில் பார்த்தது. படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு வாங்கிப் போட்டது. அரிப்பும் இல்லை, களிம்புக்கு அடங்கவும் இல்லை.

2010-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற மருத்துவ இதழில் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் தினமும் சில மணி நேரம் மடியில் வைத்து விளையாடி, அவனுக்கும் இடது தொடையில் இப்படித்தான் நிறம் மாறியிருக்கிறது. தீக்காயம் உண்டாக்க அந்தச் சூடு போதாது. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரைதான். ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டால் தோல் இப்படி ஆகிவிடும். காஷ்மீரில் குளிருக்காகக் காங்கிரி என்னும் தணல் சட்டியை உடைக்குள் வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் இதே அடையாளம் வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிலருக்கு அந்த இடத்தில் புற்றுநோயே வந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே சூட்டை நிறுத்திவிட்டால் மெல்ல மெல்ல மங்கும்.

‘அப்போ தலையணைய அடியில வச்சுக்கலாமே’ என்பீர்கள். தொடைக்கு நல்லது, கணினிக்கு ஆகாது. பஞ்சு துளையை இன்னும் நன்றாக அடைக்கும். கெட்டியான, சமமான பலகைதான் வேண்டும். கடையில் விசிறி வைத்த ஸ்டாண்டு விற்கிறது. நம்மிடம் இருப்பதோ பரீட்சை அட்டை! கிளிப் இடிக்காமல் ஓரமாகத் தள்ளி வைத்தால் 14 அங்குல மடிக்கணினி கச்சிதமாக உட்காருகிறது. ரப்பர் கால் நிற்கிறது, காற்று போகிறது, சத்தமும் பாதியாகிவிட்டது.

அண்ணன் இப்போது அட்டையைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறான். எனக்குத் திங்கட்கிழமை மாதத் தேர்வு.