எக்ஸ்-ரேயில் தெரியாத புகை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். நட்பு, காதல் பற்றி எழுத நம் வகுப்பிலேயே நாலு கவிஞர்கள் இருப்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. 'வேப்' என்று நம் ஹாஸ்டலில் சொல்கிற மின்சிகரெட்டைப் பற்றி எழுதுகிறேன். அதனால் நுரையீரல் கெட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவனை டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் விஷயம். அறிவுரை இல்லை, பயப்படாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் வீரகேரளம்புதூர். அம்மா பீடி சுற்றுகிறார்கள். மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடிந்துதான் எழுந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு ஃபீஸ் கட்டியது அந்தத் தட்டுதான். ஆகவே புகையைத் திட்டி எழுத எனக்கு வாய் வராது. ஆனால் பீடியில் ஒரு நேர்மை உண்டு. குடித்தவனை வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். வேப்பில் மாம்பழ வாசம் அல்லவா அடிக்கிறது!

மின்னியல் படிக்கிற நம் கண்ணுக்கு அது ஒரு சின்ன ஹீட்டர். லித்தியம் பேட்டரி, ஒரு காயில், திரவத்தில் ஊறிய பஞ்சு. உறிஞ்சினால் சர்க்கியூட் மூடி காயில் சூடாகும். வெளியே வருவது நீராவி அல்ல, ரசாயனத் திரவத்தின் நுண்துளிகள். "நெருப்பே இல்ல, அப்புறம் என்னலே கெடுதி?" என்று ஒரு நண்பன் கேட்டான். நெருப்பு இல்லை என்ற வரைக்கும் அவன் சொன்னது சரிதான்.

2019 ஜூலையில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை, நம் வயதை ஒட்டிய எட்டுப் பேர் நுரையீரல் கெட்டு வந்து சேர்ந்திருப்பதாக அறிவித்தது. காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு என்று வந்தால் யாருக்குமே முதலில் நிமோனியா ஞாபகம்தான் வரும். போதாததற்கு இந்த நோய்க்காரர்களில் பலருக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு நுரையீரலைப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்? 'இவாலி' என்று பெயர் வைத்து, 2020 பிப்ரவரி வரை எண்ணியதில் 2,807 பேர். அதில் 68 பேர் இறந்துவிட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் 24 வயதைத் தாண்டாதவர்கள்.

கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் இ அசிடேட் மீது பலமான சந்தேகம் விழுந்தது. 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில் 48 பேரிடம் அது இருந்தது. முகத்துக்குப் பூசும் கிரீமில் சேர்க்கிற பொருள்தான். சூடாக்கி மூச்சில் இழுத்தால் கதை வேறு. "நாங்க கஞ்சா தொடமாட்டோம், வெறும் நிகோடின்தான்" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களும் அந்தக் கணக்கில் நூற்றுக்கு 14 பேர் இருந்தார்கள். திருட்டுத்தனமாக விற்கிற குழாயில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்?

இனிதான் முக்கியமான இடம். இந்த நோய்க்கென்று தனியாக ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. எக்ஸ்-ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ இரண்டு நுரையீரலிலும் வெள்ளை நிழல் தெரியும். நிமோனியாவிலும் அப்படித் தெரியலாம், 2020-ல் வந்த கொரோனாவிலும் அப்படியே தெரிந்தது. ஆகவே டாக்டர் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருகிறார். கிருமி இருக்கிறதா, இதயக் கோளாறா, வேறு காரணம் உண்டா... இத்தனையும் பார்த்த பிறகும் ஒன்று பாக்கி நிற்கும். நோய் தொடங்குமுன் 90 நாளுக்குள் வேப் இழுத்தானா? அதற்கு மிஷின் பதில் சொல்லாது. அவன் வாய்தான் சொல்ல வேண்டும்.

போன ஐப்பசி மழையில் அப்பாவுக்கு மூச்சு முட்டி தென்காசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள். 89 என்று காட்டியது. (அந்தக் கிளிப்பில் சிவப்பு எல்.இ.டி. ஒன்று, அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்று, எதிரே போட்டோ டயோடு. ரத்தம் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்திலும் எனக்கு லேப் ஞாபகம்!) ஆக்சிஜன் வைத்துக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்கள். பீடி உண்டா? எத்தனை வருஷம்? வீட்டில் புகையிலைத் தூள் பறக்குமா? அப்பா அம்மாவைப் பார்த்தார். "உள்ளதச் சொல்லுங்க" என்றார்கள் அம்மா. அப்பா சொன்னார்.

அடுத்த கட்டிலில் என் வயதுப் பையன் ஒருவன் இருமிக்கொண்டிருந்தான். "சிகரெட் உண்டா தம்பி?" "இல்ல மேடம்." அவனுக்கு என்ன நோயோ, நமக்குத் தெரியாது. ஆனால் எனக்கு அப்போது சுருக்கென்றது. வேப் இழுக்கிற நம் பயல் ஒருவன் அங்கே படுத்திருந்தாலும் அதே பதிலைச் சொல்லியிருப்பான், அதுவும் பொய்யாக இருக்காது! அமெரிக்க டாக்டர்களுக்குத் தந்த வழிகாட்டுதலில் வேப் பற்றித் தனியாகக் கேளுங்கள், என்ன திரவம், எங்கே வாங்கியது என்றும் கேளுங்கள் என்று இருந்தது.

நம் நாட்டில் சொல்வது இன்னும் கஷ்டம். தமிழ்நாடு 2018-லேயே தடை செய்தது. 2019 செப்டம்பர் 18-ல் மத்திய அரசின் அவசரச் சட்டம், டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். தயாரிப்பது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். தடை நல்லதுதான் என்பது என் கட்சி. ஆனால் போலீஸ் பயமும் வீட்டுப் பயமும் சேர்ந்து கட்டிலில் படுத்திருப்பவன் வாயைப் பூட்டிவிடுகின்றன.

சொன்னவனுக்கு என்ன நடக்கும்? ஆக்சிஜன் கொடுப்பார்கள். கிருமி இல்லை என்று உறுதியாகும்வரை ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். பலருக்கு ஸ்டீராய்டு கேட்டிருக்கிறது. வீட்டுக்கு அனுப்பினாலும் இரண்டு நாளில் திரும்ப வரச்சொல்வார்கள்.

இதையெல்லாம் அந்த நெருப்பில்லாத நண்பனிடம் சொன்னேன்.

"அம்மா பக்கத்துல நிப்பாங்களேடா, எப்படிலே சொல்லுவேன்?"

"டீ வாங்கியாரச் சொல்லி அனுப்பு. இல்லன்னா டாக்டர்ட்ட தனியாப் பேசணும்னு கேளு."

சிரித்தான். கொஞ்ச நேரம் காற்றாடியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பிறகு கேட்டான்.

"அந்த 90 நாள எங்கேருந்துலே எண்ணணும்?"

"மூச்சு முட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து பின்னாடி."