குதிரையும் இடுக்கும்

"எத்தன எச்.பி. எடுக்கறதுங்கண்ணா?"

தோப்பு வாங்கிய கையோடு என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "டேப் இருக்குதுங்களா தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கொத்தனார் இடுப்பில் செருகியிருக்கிற இரும்பு டேப். பெரும்பாலும் இருக்காது. என் வண்டியின் டூல் பெட்டியில் ஒன்று எப்போதும் கிடக்கும்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக வாடகைக்கு உழவு ஓட்டுகிறேன். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம். ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம், வாய்ப்பேச்சு தமிழ். கேரளத்தில் கரிசல் மண் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தாலுக்காவுக்குத்தான் வர வேண்டும். முன்பு கடலையும் சோளமும் விளைந்த காடுகளில் இப்போது தென்னை நிற்கிறது. அதில் பாதி, கோயம்புத்தூரிலிருந்தும் எர்ணாகுளத்திலிருந்தும் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறவர்கள் கையில். அவர்களுக்கு ஆள் கிடைப்பதில்லை. அதனால் சின்ன டிராக்டர் வேண்டும். 2025 செப்டம்பரில் டிராக்டர் மேல் இருந்த ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆன பிறகு விசாரிப்பு இன்னும் கூடிவிட்டது.

சின்ன வண்டி என்றாலும் எல்லாம் ஒன்றில்லை. மஹிந்திரா யுவராஜ், ஸ்வராஜ் 717 போல ஒற்றை சிலிண்டர், 15 எச்.பி., எங்கள் பேச்சில் 15 குதிரை. அதற்கு மேலே வி.எஸ்.டி.யின் 18.5 குதிரை. அதற்கும் மேலே 24 குதிரையில் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜிவோ, குபோட்டா. கடையில் போய் நின்றால் இந்த எண்களைத்தான் சொல்வார்கள். எண் தப்பில்லை. ஆனால் அது இன்ஜினின் அளவு. உங்கள் தோப்பின் அளவு அதில் இல்லை.

தென்னை இங்கே 25 அடிக்கு 25 அடி. இரண்டு பக்கமும் வட்டப்பாத்திக்கு ஐந்தைந்து அடி விட்டால் நடுவில் 15 அடி சும்மா கிடக்கும். அதில் 45 குதிரைப் பெரிய வண்டியே தாராளமாகப் போய்வரும். ஆறடி ரோட்டாவேட்டர் போட்டு மூன்று சாலில் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். வெறும் தென்னை மட்டும் நிற்கிற தோப்புக்காரர் சின்ன வண்டி கேட்டு வந்தால், "வாங்காதீங்க, வருஷத்துக்கு மூணு தடவை வாடகைக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று சிலர் நினைப்பதுண்டு. பாதி உண்மைதான்.

சின்ன வண்டியின் தேவை ஊடுபயிரில்தான் ஆரம்பிக்கிறது. நான்கு தென்னைக்கு நடுவே ஒரு ஜாதிக்காய் வைக்கிறார்கள். வைக்கிறபோது அது முழங்கால் உயரம், யாருக்கும் தொந்தரவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் போகட்டும். தென்னை வரிசைக்கும் ஜாதிக்காய் வரிசைக்கும் நடுவே பன்னிரண்டரை அடி. அதில் தென்னம்பாத்திக்கு ஐந்து போனது. ஜாதிக்காய்க் கிளை நான்கு அடி நீட்டிக்கொண்டு நிற்கும். மிச்சம் மூன்றரை அடி. 24 குதிரை வண்டியின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டிரைவர் தோளில் இலை உரச, தலையைச் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவதற்கு சீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவையும் மடக்கித்தான் ஆக வேண்டும். மேட்டில் ஏறும்போது திரும்ப நிமிர்த்த யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. ஜாதிக்காய் வேர் மேலாக ஓடும். மரம் பெரிதான பிறகு பக்கத்தில் ரோட்டாவேட்டர் விட்டால் வேர் அறுந்துபோகும். அப்போது தோப்பில் வண்டிக்கு என்ன வேலை? புல் வெட்டுவது, மட்டையும் காயும் ஏற்றிக்கொண்டு வருவது, அவ்வளவுதான். இன்றைக்கு உழவுக்கென்று வாங்குகிற வண்டி, பத்து வருஷம் கழித்துப் பாரவண்டியாகத்தான் நிற்கும். அதனால் ஊடுபயிர் வைத்தவர்களிடம் நான் இன்றைய இடைவெளியை அளக்கச் சொல்வதில்லை. தோப்புக்குள் வயசான மரம் ஒன்றிருந்தால் அதனடியில் அளக்கச் சொல்வேன். இல்லையென்றால் பக்கத்துத் தோப்பில்.

என் முதல் சின்ன வண்டி 15 குதிரை. விற்றவர் கூடவே நாலடி ரோட்டாவேட்டரும் கொடுத்தார். "இழுக்கும், பயப்படாதீங்க" என்றார். முதலமடைப் பக்கம் மாந்தோப்புச் செம்மண்ணில் இழுக்கத்தான் செய்தது. கரிசலுக்கு வந்தேன். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் நிற்கிற பதம். கத்தி நாலு விரல் இறங்கியதும் இன்ஜின் சத்தம் மாறியது. ஒற்றை சிலிண்டர் வண்டி சாதாரணமாக 'டக்டக்'கென்று சீராக அடிக்கும். பாரம் மீறினால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும், எண்ணிவிடலாம். நான் எண்ணிக்கொண்டுதான் ஓட்டினேன். ஒரு சீசன் முடிவதற்குள் கிளட்ச் பிளேட் கருகிவிட்டது. 15 குதிரைக்கு மூன்றடி போதும். நாலடி வேண்டுமென்றால் 24. கரிசலானால் அதிலும் அரையடி குறைத்துக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கை எனக்கு அந்தக் கிளட்ச் பிளேட்தான் சொல்லிக்கொடுத்தது.

குதிரை இருந்தும் எடை இல்லாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். இதற்குப் பெரிய செலவில்லாத வழி, பின் டயருக்குள் தண்ணீர் நிரப்புவது. வால்வு உச்சிக்கு வரும்படி சக்கரத்தை நிறுத்தி, அந்த மட்டம் வரை தண்ணீர் விட்டு, மிச்சத்துக்குக் காற்று அடிக்க வேண்டும். கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கினால் இந்த எடையே வினையாகிவிடும். டயரின் பல் இடுக்கெல்லாம் மண் அடைத்து, சக்கரம் கொழுக்கட்டை மாதிரி உருண்டுவிடும். பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்க்கிற பழைய வழியைவிட நல்ல மீட்டர் இன்னும் வரவில்லை. உருண்டை உடைந்து உதிர்ந்தால் போகலாம். கையில் ஒட்டினால் டீக்கடைக்குப் போகலாம்.

எங்கள் சமதரையில் கற்ற பாடமெல்லாம் மலைமேல் செல்லாது. உறவுக்காரர் ஒருவர் இடுக்கி மாவட்டம் மறையூரில் கரும்பு போட்டிருந்தார். கூப்பிட்டாரே என்று வண்டியை மினி லாரியில் ஏற்றி உடுமலை, சின்னார் வழியாகக் கொண்டுபோனேன். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம், உருண்டை பிடித்து வருமே, அந்த ஊர். கரும்பு வயலில் உழவு அருமையாகப் போனது. வயலில் திரும்பும்போது இடது பிரேக், வலது பிரேக் இரண்டையும் சேர்க்கிற கொக்கியை எடுத்துவிடுவோம். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்தால் வண்டி நின்ற இடத்தில் திரும்பும். சாயங்காலம் ஒன்றரை டன் கரும்பை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு ஆலைக்கொட்டாய்க்கு இறங்கினேன். கொக்கியைத் திரும்ப மாட்டவில்லை.

இறக்கத்தில் டிரெயிலர் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. வண்டியின் எடை முக்கால் டன், பின்னால் இருப்பது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். பிரேக்கை மிதித்தேன், கால் வலது பெடலில் மட்டும் விழுந்தது. வண்டி வலப்பக்கம் சுண்டி, மூக்கு கல்கட்டில் போய் முட்டி நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. ரோடு முழுக்கக் கரும்பு. அந்த வண்டி அதே பாரத்தை ஏற்றத்தில் மூச்சுவிடாமல் இழுத்திருந்தது. இழுக்கிற சக்தியைக் கடைக்காரர் சொல்வார். நிறுத்துகிற சக்தியை நீங்கள்தான் கேட்க வேண்டும். சரிவில் டிரெயிலர் ஓட்டுகிறவருக்கு வண்டியின் எடைதான் பிரேக். அங்கே நான் 15 குதிரை வண்டியைச் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

காந்தல்லூர், வட்டவடைப் பக்கம் போனால் படிப்படியாகத் தட்டு வைத்த நிலம். பூண்டும் கேரட்டும் போடுகிற அந்தத் தட்டுகளில் சில என் வண்டி நீளத்துக்கே பத்தாது. அங்கே பவர் டில்லர்தான். அத்தாணியில் 1973-இல் தொடங்கிய காம்கோவின் டில்லரைத் தெரியாத விவசாயி கேரளத்தில் இல்லை. அதன் ஒரு தொழிற்சாலை எங்கள் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது. உடும்பன்சோலை ஏலத்தோட்டத்துக்குள் டில்லரும் வேண்டாம், ஜீப் போதும். ஏலத்தின் வேர் மேல்மண்ணிலேயே கிடக்கிறது. இடுக்கி என்கிற பேரே இடுக்கு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். வண்டி வாங்குகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது மலையில் ரிசார்ட்காரர்களும் கேட்கிறார்கள். புல்தரை வெட்ட, மண் நிரவ, பூந்தொட்டிக்கு எரு இழுக்க. அவர்கள் நான்கு சக்கர இழுவைதான் உசத்தி என்று வாங்கிவிட்டு, சமமான புல்தரையிலும் அதைப் போட்டே ஓட்டுகிறார்கள். திரும்புகிற இடத்திலெல்லாம் முன்சக்கரம் புல்லைப் பெயர்த்து அரைவட்டம் போட்டிருக்கும். ஒரு ரிசார்ட் மேனேஜர் அதைக் காட்டுப்பன்றி என்று சொல்லி வேலி போடக் கணக்குக் கேட்டார். லீவரைக் காட்டி, "பன்னி இங்கதான் சேட்டா இருக்குது" என்றேன்.

போன மாசம் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் வந்தார். எருத்தேம்பதிப் பக்கம் எட்டு ஏக்கர், தென்னையும் ஜாதிக்காயும். 24 குதிரைக்கு அட்வான்ஸ் கொடுக்கத் தயாராக இருந்தார். டேப்பை எடுத்துக்கொண்டு போனோம். வாசல் கேட் எட்டடி, சரி. வாய்க்கால் மேல் போட்டிருந்த பலகைக்கல் ஐந்தடி, பார்த்துப் போகலாம். தோப்பின் வடமூலையில் பழைய சொந்தக்காரர் வைத்த ஜாதிக்காய் ஒன்று நன்றாகப் படர்ந்து நின்றது. தென்னம்பாத்தி ஓரத்தில் டேப்பின் நுனியை நான் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையோடு ஜாதிக்காய்ப் பக்கம் நடந்தார்.

"நாலரை அடி வருதுங்கண்ணா!" என்று சத்தம் போட்டார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் டேப், இன்னொரு கையால் கிளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"கிளையை விட்டுட்டு அளங்க தம்பி," என்றேன்.