இறுகாத மரை

மரை போனால் கைக்குத் தெரிந்துவிடும். ஸ்பானரைத் திருப்பத் திருப்ப முறுக்கு ஏற வேண்டும். ஏறாமல் களிமண்ணில் திருகுவதுபோல் வழுக்கிக்கொண்டு சுற்றினால் உள்ளே பிடிமானம் இல்லை. 2011 மே மாதம் ஒரு மாலை, பொள்ளாச்சியில் என் பட்டறையில், ஒரு காரின் முன் இடது பிரேக் கேலிப்பரில், காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிளை இறுக்கும்போது அந்த வழுக்கல் என் விரலுக்குத் தெரிந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவருடையது. விடிந்தால் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வால்பாறை போகிறார். பேட் மாற்றி, பிரேக் ஆயில் மாற்றி, ஏர் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார். நிப்பிளின் ரப்பர் மூடி எப்போதோ விழுந்துபோய், மழைத்தண்ணீர் இறங்கித் துருவேறிக் கிடந்தது. அறுமுனையையும் கவ்வுகிற பாக்ஸ் ஸ்பானரைத் தேடி எடுத்திருக்க வேண்டும். கைக்கு எட்டிய டபுள் எண்ட் ஸ்பானரைப் போட்டேன், முனை மழுங்கியது. வைஸ் கிரிப்பால் கடித்துத் திருகினேன். நிப்பிள் வந்தது. அதன் பள்ளங்களில் கேலிப்பரின் வார்ப்பிரும்பும் கறுப்புப் பொடியாக ஒட்டிக்கொண்டு வந்தது.

புது நிப்பிள் உள்ளே போனது, இறுகவில்லை. மணி ஏழரை. டெஃப்லான் டேப்பை நான்கு சுற்றுச் சுற்றி மறுபடி ஏற்றினேன். ஏதோ கடித்தது. பெடலை மிதித்தால் கல்லாக நின்றது. கசிவு இல்லை. ‘ஓகே சார்’ என்று சாவியைக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆழியாறு அணை தெரிகிற ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலிருந்து போன் வந்தது. அந்தப் பாதையில் நாற்பது வளைவுகள். மேலிருந்து முப்பது வளைவுகளை மிதித்து மிதித்து இறங்கி வந்த வண்டியில் திடீரென்று பெடல் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. முன் இடது சக்கரம் முழுக்க எண்ணெய். முன்சக்கர இழுவை உள்ள இந்தமாதிரிக் கார்களில் பிரேக் பெரும்பாலும் குறுக்காக இரண்டு பாதையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன் இடதும் பின் வலதும் செத்தாலும், முன் வலதும் பின் இடதும் பிடிக்கும். அந்தப் பாதி பிரேக்கிலும், முதல் கியரிலும், ஹேண்ட் பிரேக்கிலும் அவர் வண்டியை ஓரம்கட்டியிருந்தார். பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள்.

நான் போனில் சொன்னது இது: “புது நிப்பிள் மட்டமான சரக்கா இருக்குமுங்க சார்.”

“உன்மேல தப்பில்ல தம்பி. கடைக்காரன் ஏமாத்திட்டான்” என்றார் அவர். அன்று இரவு வண்டியைக் கட்டி இழுத்து வரும்போதும் அதையே சொல்லி எனக்குத் தைரியம் கொடுத்தார். அந்த மாதிரி ஒரு மனிதரிடமா பொய் சொன்னோம் என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

காலையில் கேலிப்பரைக் கழற்றிக்கொண்டு கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த லேத்துப் பட்டறைப் பெரியவரிடம் போனேன். டேப் சுற்றிய நிப்பிளைக் கையில் வாங்கியவர், மரையைப் பார்க்கவே இல்லை. கூம்பான நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மரை புடிக்கறதுக்குத்தான் கண்ணு. அடைக்கறது இந்த நுனி. இங்க சுத்திலும் ஒரு வளையம் விழுந்திருக்கோணும். உன்னுதுல பாதிதான் விழுந்திருக்குது. டேப்பு எதைக் காப்பாத்தும்?”

பதினைந்து வருடம் பிரேக் வேலை பார்த்தவன் நான். மரைதான் எண்ணெயைத் தடுக்கிறது என்றே நினைத்திருந்தேன். நிப்பிளின் நுனி கேலிப்பருக்குள் இருக்கும் சிறு துளையின் விளிம்பில் போய் உட்கார்ந்தால்தான் அடைப்பு. அதனால்தான் அதற்கு அசுர இறுக்கம் வேண்டியதில்லை. 8 மி.மீ. நிப்பிளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்குள் போதும். பத்து சென்டிமீட்டர் ஸ்பானரின் முனையில் எட்டு, பத்து கிலோ அழுத்தம். நடுவே துளை போட்ட மெல்லிய சாமான் அது. கழற்றும்போது முரண்டு பிடித்தால் முதலில் இம்மியளவு இறுக்கி, லேசாகத் தட்டி, பிறகு தளர்த்த வேண்டும். இதெல்லாம் அன்றைக்குத்தான் உறைத்தது.

போன மரைக்குப் பதில் கம்பிச்சுருள் மரை, அதாவது ஹெலிகாயில், போடலாமா என்று கேட்டேன். அந்தக் கம்பிச்சுருளின் அடியில் ஒரு வால் உண்டு, போட்ட பிறகு அதை ஒடித்து எடுக்க வேண்டும், அது எண்ணெய்ப் பாதைக்குள் விழுந்தால் யார் எடுப்பது என்றார். ஏர் எடுக்க நிப்பிளைத் தளர்த்தும்போது சுருளைச் சுற்றிக் காற்று புகுந்து பொய்க் குமிழி காட்டும் என்பது அவருடைய இன்னொரு கணக்கு. அவர் வழி வேறு. பிஸ்டனையும் ரப்பரையும் எடுத்துவிட்டு, கேலிப்பரை டிரில்லிங் மெஷினில் நேராகப் பூட்டி, 9 மி.மீ. துளையிட்டு, 10 மி.மீ., ஒரு மி.மீ. இடைவெளி மரை வெட்டி, பெரிய நிப்பிளைப் போடுவது. ஆனால் துளை, நுனி உட்காரும் அந்த விளிம்பைத் தொடுவதற்கு முன்னால் நிற்க வேண்டும், தொட்டுவிட்டால் கேலிப்பர் பழைய இரும்புக்குத்தான். துளையைச் சுற்றியிருந்த சுவரின் கனத்தைக் காலிப்பர்ஸ் வைத்து இரண்டு முறை அளந்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“செவுரு பத்தாது. மலையேறுற வண்டி வேற. புதுசு வாங்கிப் போட்ரு.”

செய்யத் தெரிந்தவர் செய்ய மறுத்த அந்த நிமிடத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கேலிப்பரே இனிக் கிடைக்காது என்ற பழைய வண்டிகளுக்கு, சுவர் இடம்கொடுத்தால், அவர் வழியில் இன்றும் வேலை செய்து வாங்குகிறேன். கடையில் கேலிப்பர் கிடைக்கும் வண்டிக்குச் செய்வதில்லை.

என் காசில் புதுக் கேலிப்பர் வாங்கி மாட்டினேன். வாத்தியார் வந்ததும் பழையதையும் டேப் சுற்றிய நிப்பிளையும் பெஞ்சில் வைத்தேன்.

“சரக்கு மேல தப்பில்லீங்க சார். மரை போனது அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கடைக்காரனை ஊரெல்லாம் திட்டினேனே” என்றார். அதற்குப் பிறகுதான், எப்படி முதலில் நின்றது, ஏன் இறங்கும்போது விட்டது என்று கேட்டார். தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். பலமாக மிதித்தால் குழாயில் 80 பார் அழுத்தம் வரும் என்றேன். கணக்கை அவரே போட்டார். நுனி சரியாக உட்கார்ந்திருந்தால் அழுத்தம் படுவது மூன்றரை மி.மீ. துளையளவில் மட்டும், நிப்பிளைத் தள்ளுவது சுமார் எட்டு கிலோ. நுனியில் கசிந்து எண்ணெய் மரைவரை வந்துவிட்டால் 8 மி.மீ. அகலம் முழுவதிலும் படும். “நாற்பத்தொரு கிலோ” என்று எழுதி அடியில் கோடு போட்டார். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வண்டியில உக்காருங்க சார்” என்றேன். நிப்பிளைத் துடைத்து, காய்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் கட்டினேன். டார்ச்சோடு சக்கரத்தின் அருகே படுத்தேன். இன்ஜின் ஓட, அவர் பெடலை முழுப் பலத்தோடு மிதித்துப் பிடித்தார்.

“இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?”

“காகிதம் நனையலீங்க சார். இன்னும் கொஞ்சம் மிதிச்சுட்டே இருங்க.”