தரம் பார்ப்பது யார்?

மெல்பேணில் சமூக சுகாதார நிலையங்களுக்குப் போகிறவர்கள் சுவரிலே சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். அது என்னவென்று எம்மவரில் அநேகர் கேட்பதில்லை. தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையிலும் ஐ.எஸ்.ஓ. 9001 என்று ஒரு சான்றிதழ் தொங்குகிறது. வெளியிலிருந்து ஆள் வந்து, எழுதி வைத்த முறைப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பார். மெஷினில் நிற்கும் எங்களிடமும் கேட்பார். சாமான் பழுதென்றால் அளந்து பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

சுகத்தை அப்படி அளக்க முடியாது. கொடுத்த மருந்தை எண்ணலாம். வராமல் தடுத்த வருத்தத்தை எப்படி எண்ணுவது? மக்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே பேணி முன்னேற்றும் வலுவைப் பெறச் செய்வதுதான் சுகாதார மேம்பாடு என்று 1986இல் ஒட்டாவாவில் நடந்த சர்வதேச மாநாடு வகுத்தது. ஆகவே, கூட்டம் வைத்தோம், இத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதி வைத்தால் போதாது. வந்தவர்களுக்கு விளங்கியதா, வீட்டில் ஏதும் மாறியதா என்று பார்க்கவேண்டும்.

ஒரு நிலையத்தில் நீரிழிவு பற்றி எம்மவருக்கு வகுப்பு வைத்தார்கள். எங்கள் ஆக்களிடையே அதிகம் காணும் வருத்தம் அது. கொடுத்த தாளிலே பாண், பாஸ்ரா, சீரியல் எல்லாம் இருந்தன. சோறு, புட்டு, இடியப்பம் இல்லை. அம்மாமார் தலையாட்டிவிட்டு வந்தார்கள். வரவுப் பதிவில் எல்லாம் சரி. அடுத்த முறை ஒரு அக்கா உரைபெயர்ப்பாளர் மூலம், “நாங்கள் சாப்பிடுகிறது இதிலே இல்லையே, எவ்வளவு சோறு போடலாம்?” என்று கேட்டார். அதன் பிறகுதான் தாதி சோற்றையும் புட்டையும் கோப்பையால் அளந்து காட்டினார். அன்றைக்குத் தரம் பார்த்தவர் அந்த அக்காதான்.

2021இல் அவுஸ்திரேலியாவில் ஆரம்ப, சமூக சுகாதார சேவைகளுக்கெனத் தேசிய தரநியமங்கள் வெளியாகின. அவை மூன்று. ஒன்று நிர்வாகப் பொறுப்பு, ஒன்று சிகிச்சையின் பாதுகாப்பு, மற்றது சேவை பெறுவோரைப் பங்காளிகளாக்குதல். இந்தக் கடைசி நியமம் எங்களை நம்பி எழுதப்பட்டது. நாங்கள் வாய் திறக்காவிட்டால் அது வெறும் கடதாசி.

முறைப்பாடு என்றாலே எங்களுக்குப் பயம். பெயரைக் குறித்து வைப்பார்களோ, விசாவுக்கு இடைஞ்சல் வருமோ என்று யோசிப்போம். விசாவைத் தீர்மானிப்பது சுகாதார நிலையம் அல்ல. குறை சொன்னதற்காகச் சிகிச்சையில் வேறுபாடு காட்டக்கூடாது என்று 2019இல் திருத்திய சுகாதார உரிமைகள் சாசனத்திலும் இருக்கிறது.

ஆகவே புதிதாக வந்த குடும்பங்கள் இவற்றைக் கவனியுங்கள்:

பதியும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். நிலையத்தில் அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவையின் இலக்கம் 131 450. பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்க வேண்டாம். தாயின் கர்ப்பப்பை வருத்தத்தைப் பத்து வயது மகன் எப்படி எடுத்துச் சொல்வான்?

விளங்காவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள்.

அபிப்பிராயப் படிவம் தந்தால் நிரப்புங்கள். தமிழில் எழுதலாமா என்று கேளுங்கள்.

ஆலோசனைக் குழுவுக்கு ஆள் கேட்டால் ஒருவராவது போங்கள். ஆங்கிலம் திறமாகத் தெரிய வேண்டுமென்றில்லை. வீட்டில் என்ன சமைக்கிறோம், எந்த வேலைநேரத்தால் வகுப்புக்கு வர முடியாமற் போகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும். அதை எங்களைத் தவிர வேறு யாரும் அவர்களுக்குச் சொல்லப் போவதில்லை.